ஒப்பந்தம் எங்கே பழுதுபட்டது? அறிகுறியிலிருந்து தீர்வுக்கு ஒரு வழிமுறை

ஒப்பந்தத்தில் சிக்கல் வந்தவுடன் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இது செல்லுமா, செல்லாதா?" என்பதுதான். இதற்கு இரண்டு விடைகள் மட்டுமே உண்டு என்று எண்ணுவதிலிருந்தே பாதித் தவறுகள் தொடங்குகின்றன. 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. முதல் நிலையில், ஒப்பந்தம் உருவாகவே இல்லை; தாளும் கையெழுத்தும் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அங்கே ஒன்றும் இல்லை. இரண்டாம் நிலையில், ஒப்பந்தம் உருவாகிவிட்டது. ஆனால் ஒருவருடைய சம்மதம் பொய்யாலோ மிரட்டலாலோ பெறப்பட்டிருப்பதால், அவர் விரும்பினால் அதை ரத்து செய்யலாம், விரும்பினால் நிலைநிறுத்தலாம். மூன்றாம் நிலையில், ஒப்பந்தம் குறையற்றது. ஒரு தரப்பு அதை மீறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றுக்கும் பரிகாரம் வேறு. முதல் நிலையில், கீழே வரும் சில விலக்குகள் நீங்கலாக, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோர முடியாது. இரண்டாம் நிலையில், எந்தப் பக்கம் போவது என்று நீங்கள் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்யாமல் காலம் கடத்தினால், நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவே நீதிமன்றம் கருதக்கூடும். மூன்றாம் நிலையில் இழப்பீடோ, ஒப்பந்தப்படி செய்து தரச் சொல்லும் தீர்ப்போ கேட்கலாம். ஆகவே கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்து, உங்கள் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தம் செல்ல அந்தச் சட்டத்தின் பிரிவு 10 கேட்பவை இவை: ஒருவர் முன்மொழிந்து மற்றவர் ஏற்ற உடன்பாடு, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள தரப்பினர், தடையற்ற சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயன், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம். நம் பத்திரங்களில் "பிரதிபலன்" என்று எழுதப்படுவதைத்தான், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தருவதைத்தான், இங்கே மறுபயன் என்கிறேன். எழுத்து, முத்திரைத்தாள், பதிவு ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேறு சட்டம் கேட்கும் இடத்தில் மட்டுமே அவை தேவைப்படும்.

அறிகுறி: "எல்லாம் வாய்வார்த்தைதான், எழுத்தில் எதுவும் இல்லை"

பெரும்பாலான வாய்மொழி ஒப்பந்தங்கள் செல்லும். வண்ணம் பூசுபவரிடம் கூலி பேசியது, நண்பருக்குக் கடன் கொடுத்தது, கடைக்காரரிடம் சரக்குக்குச் சொன்னது ஆகிய அனைத்தும் ஒப்பந்தங்களே. இங்கே பழுது ஒப்பந்தத்தில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது. வங்கிப் பரிமாற்றப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், உடனிருந்தவரின் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். கைபேசியில் உள்ளதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். எனவே பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள், உரையாடலையும் அழிக்காதீர்கள்.

அறிகுறி: "முத்திரைத்தாள் சரியில்லை" அல்லது "பதிவு செய்யவில்லை"

உரிய முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை, குறைவுத் தொகையையும் அபராதத்தையும் கட்டும்வரை, சாட்சியமாக ஏற்க முடியாது. இது கட்டிச் சரிசெய்யக்கூடிய குறை. ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய முத்திரைத்தாளில் எழுதினால் செல்லாது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. அந்த ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு மட்டுமே என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவுபடுத்தியது. ஆனால் பழைய தேதியிட்ட தாள், ஆவணம் பின்னால் தயாரிக்கப்பட்டதோ என்ற சந்தேகத்தை எழுப்பக்கூடிய சூழ்நிலைகளில் ஒன்றாகும்.

பதிவு வேறு விஷயம். நிலம், வீடு விற்பனைக்கான கிரைய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்துடன் மாட்டிக்கொண்டவர்கள் உடனே மனம் தளர வேண்டாம். ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரக் கோரும் வழக்கில் அதை ஒப்பந்தம் நடந்ததற்கான சான்றாக ஏற்கப் பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவின் காப்புரை (அதன் விலக்கு வாசகம்) இடமளிக்கிறது.

அறிகுறி: "சரி என்று சொன்னேன், ஆனால் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன்"

நீங்கள் ஏற்கவில்லை, புதிய முன்மொழிவு ஒன்றை வைத்திருக்கிறீர்கள். ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது பிரிவு 7. "நாற்பது லட்சத்துக்குச் சம்மதம், ஆனால் மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதத் தவணை வேண்டும்" என்று நீங்கள் அனுப்பிய செய்திக்கு அவர் "சரி" என்று பதில் தரும்வரை ஒப்பந்தம் இல்லை. அதற்குள் அவர் வேறொருவருக்கு விற்றால் ஒப்பந்த மீறல் என்று குற்றம் சாட்ட முடியாது. அவர் மௌனமாக இருப்பதும் பொதுவாக ஏற்பு ஆகாது.

முன்மொழிவு தெரியாமலே அதன்படி நடந்ததும் ஏற்பு ஆகாது. காணாமல்போன சிறுவனைத் தேடி ஹரித்வாருக்கு அனுப்பப்பட்ட ஊழியர் ஒருவர், அவனைக் கண்டுபிடித்த பிறகே 501 ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது தெரிந்து அதைக் கேட்டார். 1913இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதே வரிசையில் இன்னொரு பழுதும் உண்டு: "விலையைப் பின்னர் பேசிக்கொள்ளலாம்" என்று முடிக்கும் ஒப்பந்தங்கள். பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் வழியில்லாத உடன்பாடு பிரிவு 29இன்படி செல்லாது.

அறிகுறி: "தருகிறேன் என்று எல்லோர் முன்பும் சொன்னார், இப்போது மறுக்கிறார்"

அவர் சொன்னதற்கு ஈடாக நீங்கள் எதையாவது கொடுத்தீர்களா, செய்தீர்களா, செய்யாமல் விட்டீர்களா என்று பாருங்கள். ஈடு எதுவும் இல்லையென்றால், பிரிவு 25 காட்டும் சில விலக்குகளுக்கு வெளியே, அந்த வாக்குறுதி செல்லாது. பள்ளிவாசல் பழுதுபார்ப்புக்கு 500 ரூபாய் தருவதாகச் சொன்னவர்மீது போட்ட வழக்கு 1914இல் தோற்றது; அவர் சொல்லை நம்பி யாரும் எந்தச் செலவும் பொறுப்பும் ஏற்றிருக்கவில்லை. ஹவுராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய்க்குக் கையெழுத்திட்டவர்மீது போட்ட வழக்கு 1886இல் வென்றது; நன்கொடையாளர்களின் உறுதியை நம்பி ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. கோயில் திருப்பணிக்கு நன்கொடைச் சீட்டு எழுதி வாங்குபவர்கள் இவ்விரண்டு வழக்குகளையும் சேர்த்து நினைவில் வைப்பது நல்லது.

ஈடு உங்களிடமிருந்தே போயிருக்க வேண்டும் என்பதில்லை. 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னையா எதிர் ராமய்யா வழக்கில், ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைத்து, தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மகளும் அப்படியே எழுதிக்கொடுத்தார். பிறகு அந்த உடன்பிறந்தவரிடம், "நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே" என்று மறுத்தார். தாய் கொடுத்த நிலமே போதிய மறுபயன் என்று நீதிமன்றம் தீர்த்தது. குடும்பப் பாகப் பிரிவினைக்குப் பின் எழும் சண்டைகளில் இந்தத் தீர்ப்பு இன்றும் கைகொடுக்கிறது.

அறிகுறி: "கையெழுத்திட்டவருக்கு அப்போது பதினெட்டு வயது ஆகவில்லை"

இது முதல் நிலை. ரத்து செய்ய வேண்டிய தேவைகூட இல்லை. தர்மதாஸ் கோஷ் என்ற இளவர் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் வைத்த வழக்கில், இளவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர், தந்த தொகையையாவது திரும்பத் தரச் சொல்லிக் கேட்டதும் ஏற்கப்படவில்லை. வயது நிறைந்த பிறகு "அந்தப் பழைய ஒப்பந்தத்தை ஏற்கிறேன்" என்று எழுதி வாங்குவதும் பயன் தராது. இல்லாத ஒன்றை ஏற்க முடியாது. எதிர்த் தரப்பின் வயதில் ஐயம் இருந்தால் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். மனநலம் குன்றியவரின் ஒப்பந்தமும் இப்படியே, கையெழுத்திட்ட நேரத்தில் அவரால் அதைப் புரிந்துகொண்டு தன் நன்மை தீமையை எடைபோட முடியவில்லை என்றால்.

அறிகுறி: "வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்"

பணம் கொடுத்து அரசுப் பணி பெறும் உடன்பாட்டின் நோக்கமே சட்டவிரோதமானது; பிரிவு 23 அதைச் செல்லாததாக்குகிறது. அதை நிறைவேற்றித் தரும்படி எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. தெரிந்தே உடன்பட்டவர் பணத்தைத் திரும்பக் கேட்பதும் கடினம். குடும்ப நகையை விற்றுப் பணம் கட்டியவர்களிடம் இதைச் சொல்வது எவ்வளவு வேதனையானது என்பது எனக்குத் தெரியும். இருப்பினும் கொடுப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டியது இது. வேலையை விட்டு விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று பணி ஒப்பந்தங்களில் எழுதப்படும் நிபந்தனையும், பிரிவு 27இன் காரணமாக, பொதுவாகச் செல்லாது.

அறிகுறி: "சொன்னது ஒன்று, இருப்பது வேறு"

மிகுதியாக வரும் சிக்கலும், மிகுதியாகத் தவறாகக் கையாளப்படும் சிக்கலும் இதுவே. ஆகையால் இதைப் படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, ஒரு மனைப்பிரிவில் மனை வாங்கியவர் ஒருவரை வைத்துக்கொள்வோம்.

முதலில், சொல்லப்பட்டது நடந்த அல்லது இருக்கிற ஒரு செய்தியா, வெறும் கருத்தா என்று பிரியுங்கள். "இந்த மனையின் விலை ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகும்" என்பது கருத்து. அது பலிக்காததற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. "இந்த மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி கிடைத்துவிட்டது" என்பது செய்தி. "ஆறு மாதத்தில் தார்ச்சாலை போட்டுத் தருகிறேன்" என்பது வாக்குறுதி. அது நிறைவேறாவிட்டால் பொதுவாக மூன்றாம் நிலைச் சிக்கல், அதாவது மீறல். ஆனால் நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்குறுதியைப் பிரிவு 17 மோசடியாகவே எண்ணுகிறது. அந்த எண்ணமின்மையை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

அடுத்து, சொன்னவரின் மனநிலையைப் பாருங்கள். பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ ஏமாற்றும் நோக்கில் சொல்லியிருந்தால் அது பிரிவு 17இன் மோசடி. உண்மை என்று நம்பியே, ஆனால் தன்னிடம் உள்ள தகவல் தாங்காத உறுதியோடு சொல்லியிருந்தால், அது பிரிவு 18இன் தவறான கூற்று. இந்த வேறுபாட்டை விளக்க இன்றும் எடுத்துக்காட்டப்படுவது 1889இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த டெர்ரி எதிர் பீக் வழக்கு. டிராம் நிறுவனமொன்று தன் விளம்பர அறிக்கையில், நீராவியால் வண்டி ஓட்டத் தனக்கு உரிமை உண்டு என்று எழுதியது. வர்த்தக வாரியத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது, அது வெறும் சடங்கு என்று இயக்குநர்கள் நம்பினார்கள், ஒப்புதல் கிடைக்கவில்லை. அறிக்கை தவறானதுதான், ஆனால் நேர்மையாக நம்பிச் சொன்னதால் மோசடி ஆகாது என்பது தீர்ப்பு.

நம் நாட்டில் இரண்டு வகையிலும் பிரிவு 19இன்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படியானால் வேறுபாடு எதற்கு? மூன்றாவது படியில் அது தெரியவரும்.

மூன்றாவதாக, "சாதாரண முயற்சியில் உண்மையை நீங்களே கண்டறிந்திருக்க முடியுமா?" என்று கேளுங்கள். தவறான கூற்றாக இருந்தாலோ, மோசடியான மௌனமாக இருந்தாலோ, கண்டறியும் வழி உங்கள் கையில் இருந்தும் நீங்கள் பார்க்கவில்லை என்றால் ரத்து செய்யும் உரிமை போய்விடும். பிரிவு 19இன் விதிவிலக்கு இதுவே. ஆனால் அந்த விதிவிலக்கின் சொற்களைக் கூர்ந்து படியுங்கள்: தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு அது பொருந்தாது. விற்றவர் தன் மனை அடமானத்தில் இருப்பதைத் தெரிந்துகொண்டே, "எந்த வில்லங்கமும் இல்லை" என்று சொல்லியிருந்தால், "நீ வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருக்கலாமே" என்று அவர் தப்பித்துக்கொள்ள இடமில்லை. இதனால் வில்லங்கச் சான்று பார்க்கத் தேவையில்லை என்று ஆகிவிடாது. விற்றவர் தெரிந்தே பொய் சொன்னார் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் இருக்கும், சான்றைப் பார்த்தால் அந்தச் சுமையே வராது. மேலும், அந்தச் சான்று பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். பதிவாகாத உரிமைகளையும், நிலுவையில் உள்ள எல்லா வழக்குகளையும் அதில் எதிர்பார்க்க முடியாது. மூலப் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். பட்டா பெயரில் இருப்பது மட்டுமே உரிமைமூலம் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவதாக, அந்தப் பொய்யை நம்பித்தான் நீங்கள் கையெழுத்திட்டீர்களா? உங்கள் சம்மதத்துக்குக் காரணமாகாத பொய் ஒப்பந்தத்தைத் தொடாது. அனுமதி இல்லை என்று முன்பே தெரிந்து, விலை குறைவு என்பதற்காக வாங்கியவர் பின்னால் அனுமதியைப் பற்றிய பொய்யைக் காரணம் காட்ட முடியாது.

இந்த நான்கு படிகளையும் தாண்டினால் உங்கள் முன் இரண்டு பாதைகள் உள்ளன. ரத்து செய்வது ஒன்று. அப்போது நீங்கள் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பெறலாம், முறையாக ரத்து செய்தவருக்கு இழப்பீடு கேட்கவும் பிரிவு 75 உரிமை தருகிறது. மற்றொன்று, ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலையில் உங்களை வைக்கும்படி கேட்பது. மனை உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அடமானத்தை மட்டும் விற்றவர் தீர்த்துத் தர வேண்டும் என்றால் இரண்டாவது பாதையே உங்களுக்குரியது. இந்த இரண்டாவது பாதையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ரத்து ஒன்றுதான் வழி என்று எண்ணி, விரும்பிய மனையையும் இழந்துவிடுகிறார்கள்.

ரத்து என்று முடிவெடுத்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். மனதுக்குள் செய்த ரத்து ரத்தாகாது. பெற்றதற்கான ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில், எந்த நாளில், யார், எந்தச் சொற்களில் எதைச் சொன்னார், உண்மை எப்போது எப்படித் தெரிந்தது என்று எழுதி அனுப்புங்கள். இந்த விவரங்கள் பின்னால் பிராதிலும் (வழக்கு மனுவிலும்) தேவைப்படும்: மோசடியைக் குற்றம் சாட்டுபவர் அதன் விவரங்களைத் தேதியுடன் எழுத வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 6, விதி 4. "பிரதிவாதி மோசடி செய்துவிட்டார்" என்ற ஒற்றை வரி எத்தனை நியாயமான வழக்குகளை வீழ்த்தியிருக்கிறது என்று எண்ணினால் மனம் கனக்கிறது.

"பத்திரத்தில் எழுதாததை இனி பேச முடியாது" என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். எழுத்து ஒப்பந்தத்தின் விதிகளை வாய்மொழிச் சாட்சியத்தால் மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் ஆவணத்தையே செல்லாததாக்கும் மோசடி போன்றவற்றை நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் என்றுமே தடை விதித்ததில்லை. விளம்பரத் துண்டறிக்கை, மனைப்பிரிவு வரைபடம், தரகரின் குறுஞ்செய்தி எதையும் தூக்கி எறியாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டுக்கு மேற்பட்ட அடுக்ககங்களோ கொண்ட திட்டமாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொண்டு, கட்டிய தொகையை வட்டியுடன் பெற வழி செய்கிறது. உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கு முன் இந்த வாயிலைப் பாருங்கள்.

கால எல்லை மூன்று ஆண்டுகள். ரத்துக்கு உரிமை தரும் செய்தி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. காவல் நிலையத்தில் கொடுத்த புகார் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏமாந்தவர்கள் முதலில் காவல்துறைக்கே ஓடுகிறார்கள். ஒப்பந்தம் செய்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது குற்றமாகும், வெறும் ஒப்பந்த மீறல் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. புகார், விசாரணை, மேல்முறையீடு என்று ஆண்டுகள் கழிந்த பிறகு உரிமையியல் வழக்கின் கதவு மூடிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். புகார் கொடுக்க வேண்டிய வழக்கில் கொடுங்கள்; உரிமையியல் நடவடிக்கையையும் அதனோடு நடத்துங்கள்.

அறிகுறி: "அவர் பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை"

மௌனம் மட்டுமே மோசடி ஆகாது என்பது பொது விதி. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் வாங்குபவர் அண்மையில் வயது நிறைந்த அவருடைய மகள் என்றால் சொல்லியாக வேண்டும். இவை சட்டமே தரும் எடுத்துக்காட்டுகள். நம்பிக்கை சார்ந்த உறவில் சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது.

நிலத்தில் இந்தக் கடமை சட்டத்தாலேயே சுமத்தப்பட்டுள்ளது: சாதாரணக் கவனத்தில் தெரியவராத முக்கியக் குறையைச் சொத்திலோ உரிமைமூலத்திலோ விற்பவர் அறிந்திருந்தால், வாங்குபவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆயுள் காப்பீட்டில் கடமை மறுபக்கம் உள்ளது. காப்பீடு எடுப்பவர் தன் நோயை மறைக்கக் கூடாது. ஆனால் பாலிசி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால், எந்தக் காரணத்தைக் கொண்டும் நிறுவனம் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு காக்கிறது. மூன்று ஆண்டுக்குப் பிறகும் "முன்பிருந்த நோயை மறைத்தார்" என்று சொல்லி இறப்புத் தொகை மறுக்கப்பட்டால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பாதி உண்மையும் பொய்தான். சொன்ன நாளில் உண்மையாக இருந்து, கையெழுத்துக்கு முன் பொய்யாகிவிட்டதைத் திருத்தாமல் விடுவதும் அப்படியே: விற்பனைக்கு வைத்த மருத்துவத் தொழிலின் வருமானம் பேச்சுத் தொடங்கியபோது நன்றாக இருந்தது, விற்பவரின் உடல்நலக் குறைவால், முடியும்போது ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் போயிருந்தது, அதைத் தெரிவிக்காததால் இங்கிலாந்து நீதிமன்றம் 1936இல் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

அறிகுறி: "வேறு பத்திரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்"

இங்கே ஒரு நுட்பமான பிரிவினை உண்டு. கால எல்லை முழுவதும் அதையே சார்ந்திருக்கிறது. முதியோர் உதவித்தொகை மனு என்று சொல்லித் தானப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினால், ஆவணத்தின் தன்மையையே மாற்றிச் சொன்னதாகும். அவர் மனம் அந்தப் பத்திரத்தோடு சேரவே இல்லை, அது முதல் நிலை, செல்லாது. தானப் பத்திரம் என்று தெரிந்தே கையெழுத்திட்டார், ஆனால் இரண்டு சர்வே எண்களுக்குப் பதில் நான்கு எண்களைச் சேர்த்து எழுதிவிட்டார்கள் என்றால், அது உள்ளடக்கத்தைப் பற்றிய மோசடி. இரண்டாம் நிலை, அவர் ரத்து செய்யும்வரை செல்லும். கணவர் தன்னிடம் அதிக நிலத்தைச் சேர்த்துத் தானம் எழுதி வாங்கினார் என்று ஒரு பெண் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1968இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வகுத்தது. இரண்டாம் வகையில் மூன்றாண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கையெழுத்திட்டவருக்கு என்ன படித்துக் காட்டப்பட்டது, யார் படித்தார், எழுத்தர் யார், சாட்சிகள் யார் என்பதை உடனே குறித்துவையுங்கள்.

மிரட்டலும் வலுக்கட்டாயமும் இரண்டாம் நிலையே. சென்னை உயர் நீதிமன்றம் 1889இல் கண்ட வழக்கு ஒன்றில், பதின்மூன்று வயதுக் கைம்பெண் தத்து எடுக்கச் சம்மதிக்கும்வரை கணவரின் உடலை எடுக்க விடாமல் உறவினர்கள் தடுத்தார்கள். அந்தத் தத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. தற்கொலை செய்துகொள்வேன் என்று கணவர் மிரட்டி மனைவியிடமும் மகனிடமும், சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கியதும் வலுக்கட்டாயம்தான் என்று அதே நீதிமன்றம் 1917இல் பெரும்பான்மையாகத் தீர்த்தது. சொத்தை எழுதித் தராவிட்டால் உயிரை விடுவேன் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பெயர் உண்டு என்பதை அப்படி மிரட்டப்படும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: "இருவரும் ஒரே சொல்லைச் சொன்னோம், இரு பொருளில்"

நில அளவில் இது நிறைய நடக்கிறது. பஞ்சாபில் ஒரு விற்பனை ஒப்பந்தத்தில் விலை கனால் கணக்கிலா, பீகா கணக்கிலா என்று இரு தரப்பும் வெவ்வேறாக எண்ணியிருந்தனர். உச்ச நீதிமன்றம் 1998இல் அதைச் செல்லாது என்று தீர்த்து, முன்பணத்தைத் திருப்பித் தரச் செய்தது. நம் பக்கத்தில் ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்பதில் குழப்பம் இல்லை. குழியும் மாவும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகின்றன. பத்திரத்தில் சதுர மீட்டரையும் நான்கெல்லையின் நீளங்களையும் எழுதச் சொல்லுங்கள். இருவரும் தவறினால்தான் செல்லாது. உங்கள் தரப்பு மட்டும் தவறாக எண்ணியிருந்தால் பிரிவு 22 உங்களுக்கு உதவாது.

அறிகுறி: "பொய் என்று தெரிந்த பிறகும் அடுத்த தவணையைக் கட்டிவிட்டேன்"

எல்லாவற்றிலும் கடினமான அறிகுறி இது. உண்மை முழுவதும் தெரிந்த பின் தவணை கட்டுவது, சாவி வாங்குவது, வாடகைக்கு விடுவது, நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்திடுவது ஆகிய ஒவ்வொன்றும் நீங்கள் ஒப்பந்தத்தை நிலைநிறுத்தத் தெரிவு செய்ததன் அடையாளமாகப் படிக்கப்படும். அதன் பிறகு ரத்து கேட்க முடியாமல் போகலாம். பொருளை நீங்களோ எதிர்த் தரப்போ விஷயம் அறியாத மூன்றாவது ஒருவருக்கு நல்லெண்ணத்தில் விற்றுவிட்டாலும் அப்படியே.

ஆனால் நாளைச் சரியாகப் பாருங்கள். தவணை கட்டிய அன்று உங்களிடம் இருந்தது சந்தேகமா, உறுதியான அறிவா? அனுமதி எண் போலி என்று அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வந்தது எந்த நாள்? அதற்கு முன் கட்டிய பணம் உங்களுக்கு எதிராகப் பேசாது. அதற்குப் பின் கட்டியிருந்தால், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், வட்டி ஏறிவிடுமோ என்ற அச்சத்தில் கட்டியதாக அப்போதே எழுதியிருந்தீர்களா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ரத்தை விட்டுவிட்டு, சொன்னதைச் சரிசெய்து தரக் கோரும் பாதைக்கு மாறுங்கள். அது இன்னும் திறந்திருக்கிறது. இனி ஒரு தவணைக்கும் பணம் அனுப்பும் முன், வழக்கறிஞரைப் பார்த்து, அறிவிப்பை அனுப்பிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.